நாலும் மூன்றும் பன்னிரண்டு

மந்தைவெளி ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இன்று காலை கெட்டித்தாளில் கட்டங்களை அச்சடித்து வாங்கினேன். தாளின் சூடும் மை வாசனையும் உன்னை நினைவுபடுத்தின. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றுதான் உனக்கு எழுதத் தோன்றியது. பாசத்தால் அல்ல.

ஒரே பள்ளியில், பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில், மூன்றாம் வகுப்புக் கணக்கு எடுத்தோம். ஒன்றாமிடம், பத்தாமிடம் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். ஒரு சனிக்கிழமை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீதான் சொன்னாய்: "பத்துப் பத்தா எண்றது கொழந்தேளுக்குப் பழகிப்போயிடுத்துடி. அதான் யோசிக்கறதே இல்லை. அஞ்சஞ்சாக் கட்டச் சொல்லிப் பாப்போமா?"

இருட்டும்வரை கெட்டித்தாளை வெட்டினோம். ஒற்றைக் கட்டங்கள், ஐந்து கட்டம் கொண்ட பட்டைகள், ஐந்து பட்டை சேர்ந்த சதுரங்கள். ஐந்து ஒற்றை சேர்ந்துவிட்டால் அவற்றைக் கொடுத்து ஒரு பட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி.

முதலில் என் வகுப்பில் செய்துபார்க்கச் சொன்னாய். செய்தேன். நாலோடு மூன்றைச் சேர்த்த ஒரு சிறுமி துள்ளி எழுந்தாள். "மிஸ், ஒரு பட்டை, ரெண்டு ஒத்தை! அப்போ ஒண்ணு போட்டுப் பக்கத்துல ரெண்டு போடணும்!" இலக்கத்துக்கு அதன் இடம்தான் மதிப்பைத் தருகிறது என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இடைவேளையில் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டாய்.

அவள் நோட்டில் 4 + 3 = 12 என்றிருந்ததை அவள் அப்பா பார்த்துவிட்டார். மறுநாள் தலைமையாசிரியை அறையில் நோட்டை மேசைமேல் போட்டார். "இன்னா மேடம், நாலும் மூணும் பன்னண்டா? இதுக்குத்தான் ஃபீஸ் கட்டிக்கினு கீறோமா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். தலைமையாசிரியை, கூடவே கூப்பிட்டனுப்பியிருந்த உன் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

நீ என்னைப் பார்க்கவில்லை. "நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன் மேடம். குழந்தைங்க குழம்பிடுவாங்கன்னு."

அந்த வாரமே என் வகுப்பு போயிற்று. யாராவது லீவு போட்டால் அங்கே போய் உட்காரும் வேலைதான் மிச்சம். ஆண்டு முடியுமுன் விலகிவிட்டேன். எத்தனை முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. பிறகு அடையாறில் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தாய். "புடவை நன்னாருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாய்.

பயத்தில் சொன்ன பொய் என்றுதான் என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன், நீ இறந்த செய்தி கேட்டு உன் வீட்டுக்கு வரும்வரை.

உன் கணவர் கைகூப்பினார். "உங்களைப் பத்தி நிறையச் சொல்வா. சேர்ந்து ஆரம்பிச்சதைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டேள்னு அவளுக்குக் கடைசிவரைக்கும் மனக்குறை."

பக்கத்தில் உன் மகள் அழுதுகொண்டிருந்தாள். "ஆமாம் சார்" என்றேன்.

இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். நீ சொன்ன முறையில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. இதை யார் கண்டுபிடித்தது என்று பிள்ளைகள் கேட்டால், என் சிநேகிதியின் யோசனை என்கிறேன். உன்னைப் பற்றி என்னால் உண்மையைச் சொல்ல முடிகிறது. என்னைப் பற்றி, உன் வீட்டிலாவது, ஒரு தடவை நீ சொல்லியிருக்கலாமடி.