பூதக்கண்ணாடி வைத்துப் பார்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதமும் நீ எடுத்த படமும் வந்தன. அது வாசல் கதவு என்று நீ எழுதியிருந்ததால்தான் தெரிந்தது. அவ்வளவு கலங்கல். கோபித்துக்கொள்ளாதே, உனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கையோடு தனியாக அடுப்பு மூட்டுகிறாய் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. வீட்டை விற்றுவிடுவோம், என்னோடு வந்து இரு. புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாத நடுவில் வீட்டைப் பார்க்க ஆள் வரும். உன் மருமகள் உனக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள்.

உன் மகன்

ஜூன் 9

செல்ல மகனுக்கு அம்மாவின் ஆசிகள்.

மருமகளுக்கு முதுகுவலி தேவலையா? அறையை ஒழிக்கிறேன் என்று அவள் எதையும் தூக்க வேண்டாம். நான் வரப்போவதில்லை.

கை நடுங்குகிறதாம்! தொழிற்சாலையில் காலமெல்லாம் சட்டைக்குப் பொத்தான் துளை தைத்த கையடா இது. என்னைக் கேட்காமல் என் வீட்டுக்குப் புரோக்கர் வைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பந்தயம் கட்டுவோமா? ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கொடுத்தார்களே, எவர்சில்வர் கெட்டில், அதையும் மாவுச் சல்லடையையும் சேர்த்து ஒரு படம் எடுக்கிறேன். கெட்டிலில் பொறித்த எழுத்தை நீ வாசிக்க வேண்டும், சல்லடைக் கண் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் வீட்டுப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். சம்மதமா?

பிடிவாதக்கார அம்மா

ஜூன் 24

மகனுக்கு,

போனில் சம்மதம் என்று சொன்னாயே, இதோ படம். போனிலேயே அனுப்பச் சொன்னாய். அந்தச் சின்னத் திரையில் எந்தப் படமும் நன்றாகத்தான் இருக்கும், அதனால் பெரிதாக அச்சுப் போட்டேன். ஸ்டுடியோக்காரர், "இது யாரு எடுத்ததுங்க?" என்றார். "நாந்தான்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அரிசிப் பையின் மேல் கேமராவை வைத்து, டைமரைத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எத்தனை முறை தோற்றேன் என்று கேட்காதே. பூதக்கண்ணாடியும் அனுப்பியிருக்கிறேன். நன்றாக வைத்துப் பார்.

வெற்றியோடு,
அம்மா

ஜூலை 1

அம்மா,

பார்த்தேன். "நல்வாழ்த்துகள்" என்பதில் ஒரு புள்ளிகூட விடாமல் வாசித்தேன். சல்லடைக் கண்ணும் தனித்தனியாகத் தெரிகிறது. எழுத்துக்குக் கீழே, கெட்டிலின் வயிற்றில், கண்ணாடியில் தெரிவதுபோல் நீ நிற்கிறாய். இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

எப்போது விழுந்தாய்? யார் கூட்டிக்கொண்டு போனது? போனில் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்"னு சொன்னியேம்மா. என்னை என்னவென்று நினைத்தாய்? சனிக்கிழமை வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

மகன்

ஜூலை 4

என் ராசாவுக்கு,

அந்தக் கெட்டிலைப் பளபளவென்று துலக்கியதும் நான்தான், உனக்குப் பூதக்கண்ணாடி அனுப்பியதும் நான்தான். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வயிற்றைக் கவனிக்கவில்லை.

போன மாதம் பத்தாம் தேதி பல்பை மாற்ற ஸ்டூலில் ஏறினேன், விழுந்தேன். எதிர்வீட்டு நர்ஸ் ஓடி வந்தாள். விழுந்தபோது உன்னைத்தான் கூப்பிட்டேன், வாய்விட்டு. அதை மறைக்கமாட்டேன். ஆனால் கையை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே நீ டிக்கெட்டோடு வந்து நின்றிருப்பாய்.

என் கட்டு உனக்குத் தெரிந்ததென்றால் படம் எவ்வளவு துல்லியம்! கட்டுப்போட்ட கையோடு எடுத்தது அது. டைமர் வைத்துவிட்டுக் கை நடுங்கவில்லை என்கிறாயே என்று கேட்பாய். ஆமாம், கை நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கினால் அரிசிப் பையைத் தேட எனக்குத் தெரிகிறது. தனியாக இருப்பதற்கு வேறென்ன தெரிய வேண்டும்?

பந்தயத்தில் ஜெயித்தது நான். புரோக்கரிடம் நீயே வேண்டாம் என்று சொல்லிவிடு. அவன் வந்தால் கதவு திறக்காது.

நீ சனிக்கிழமை வா. உனக்குத் திறக்கும். பெட்டி கட்டி வைக்கமாட்டேன். உன்னை அந்த வாசல் கதவு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். கேமராவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அழாமல், அசையாமல் நில், போதும்.

அம்மா