நிரம்பாத குழி

இன்று காலை முற்றத்துக் கற்பூரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது வளர்வது பூச்சாடியில் அல்ல. உன் வீட்டுக் கக்கூஸுக்கு வாங்கியதில் மிஞ்சிய மண் குழாயில். மெருகு பூசிச் சுட்ட அந்தப் பழுப்பு நிறம் இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் மங்கவில்லை. ஈரம் பட்டதும் மினுங்கியது. உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

சுன்னாகத்தில் உனக்குச் சீதன வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம். பட்டம் பெற்று வந்து இருவரும் வேலைக்குக் காத்திருந்தோம். இரு குடும்பங்களிலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆட்கள் நாங்கள்தான். நீ வாய் ஓயாதவள். நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பவள். மேசன் அஸ்பெஸ்டஸ் குழாயை வாளால் அறுக்கத் தொடங்கியதும், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குறுக்கே போய் நின்றாய்.

"அண்ணை, உதை நிப்பாட்டுங்கோ. உந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. கக்கூஸ் வாயு உதிலை இருக்கிற சீமெந்தையும் அரிச்சுப்போடும். மண் குழாய் போடுவம்."

"ஊத்தை போற குழாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சியோ, பிள்ளை? மாப்பிள்ளையையும் இப்பிடித்தான் சோதிச்சனியோ?"

"மாப்பிள்ளை சரியில்லையெண்டால் திருத்தலாம் அண்ணை. நிலத்துக்கை தாட்ட குழாயைத் திருத்த ஏலுமே?"

உன் அம்மாகூடச் சிரித்துவிட்டா.

வைக்கோல் சுற்றி ரயிலில் வந்த மண் குழாய்களைத் தடவிப் பார்த்தபடி, "உடைஞ்சாலும் மண்ணோடை மண்ணாப் போகும்" என்றாய். பிறகு நீயே, "ஆனா இதைச் சுட எவ்வளவு மரம் எரிஞ்சுதோ" என்று முகம் சுளித்தாய். கடைகளுக்குப் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் குழாயையும் நீ விடவில்லை. "ஒழுகாதுதான். எறிஞ்சா எங்கை போகும்?"

குழாய்க்கு இத்தனை கேள்விகள். அது போய் விழும் குழிக்கு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்களில் குழி வெட்டுவதில் ஒரு பெருமை உண்டல்லவா? சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புக் காணும்வரை தோண்டுவார்கள். வெடிப்பு அகப்பட்டால் ஊத்தை அதற்குள் இறங்கிவிடும், குழி நிரம்பாது. உன் குழியிலும் அகப்பட்டது. "பேரப்பிள்ளையள் காலத்திலையும் நிரம்பாது" என்று மேசன் கூவ, உன் அம்மா வடையும் தேத்தண்ணீரும் கொடுத்தா. அயலார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உன் கலியாணத்துக்குப் பிறகு வந்த மாரியில் கிணற்றுத் தண்ணீர் கெட்ட மணம் மணத்தது. பாய் இழைப்பவர்களிடம் சிவப்பு ஓலைச் சாயம் வாங்கிக் கக்கூஸுக்குள் கரைத்து ஊற்றினாய். சில நாள்களில் கிணற்றிலிருந்து அள்ளிய வாளி இளஞ்சிவப்பாக வந்தது. நீ வாளியை என் பக்கம் சரித்துக் காட்டினாய்.

"எடி, எங்கடை குழாய் ஒரு சொட்டும் ஒழுகேல்லை. எல்லாத்தையும் பத்திரமாக் கிணத்துக்கை கொண்டுபோய் விட்டிருக்கு."

அன்றுதான் உன் பகிடிக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

"தோட்டத்து வெங்காயம் கிண்டிக் காசு வந்தாப் பிறகு வேறை குழி வெட்டுவம்" என்றார் உன் கணவர். அதுவரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தீர்கள். ஆனால் வாய் கொப்பளித்ததும் கோப்பை கழுவியதும் காய்ச்சாத அதே தண்ணீரில்தான். வெங்காயம் முற்றுவதற்கு முன்னரே உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு என்றார்கள். தண்ணீரால்தான் வந்தது என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. புது வீட்டுக்கு ஊர்க் கண்ணும் நாவூறும் பட்டுவிட்டது என்றுதான் உன் அம்மா இன்றும் அழுகிறா. உன் செத்தவீடு முடிந்த கையோடு உன் கணவர் அந்தக் குழியைத் தானே கல்லும் மண்ணும் போட்டு மூடினார். ஒருவரையும் உதவிக்கு விடவில்லை.

போன கிழமை எங்கள் அயல் வளவில், "வெடிப்புக் கண்டாச்சு!" என்று ஒரு குரல் கேட்டது. போனேன். எனக்கு முன்னால் நிற்க நீ இல்லை. நானே குழி விளிம்பில் போய் நின்றேன்.

"அண்ணை, உதை அடைச்சுப்போட்டு, கிணத்துக்குத் தூரத்திலை, ஆழமில்லாமல் வெட்டுங்கோ."

"ஊத்தைக் குழிக்கும் ஆராய்ச்சியோ, தங்கச்சி?" என்று அந்த மேசனும் சிரித்தார்.

உன்னைப் போல் பதிலுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "ஓம்" என்றேன். குழியின் விளிம்பைவிட்டு நகரவில்லை.