நாங்களே சரி பண்ணிக்கிட்டோம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

திரையைப் பார்க்கவே கூடாது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் காகிதம். உங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அக்கா எழுதின இலவச மென்பொருள்தான் ஓடுகிறது என்று பெருமையடிக்கிறாயே, அதைப் பராமரிக்க நான் ஒருத்திதான் என்று அங்கே யாருக்காவது தெரியுமா? மருந்தின் காலாவதித் தேதியைத் தப்பாகக் காட்டும் கோளாறோடு மாதக்கணக்காக மல்லுக்கட்டுகிறேன். மூலநிரல், அதாவது நான் எழுதின வரிகள் அத்தனையும், எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், எங்கே தப்பு என்றாவது எழுதலாம். உங்கள் ஆட்களைக் கொஞ்சம் கிளப்பி விடேன். இரண்டு பேர் கைகொடுத்தால்கூடப் போதும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு விட்டுவிடுவேன். முடியவில்லையடா.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் வாசித்தேன். உச்சுக்கொட்டினார்கள். "உங்க அக்கா தங்கமானவங்க" என்றார் தலைமை மருந்தாளுநர். யார் உதவப்போகிறீர்கள் என்றதும் ஆளாளுக்கு வேலை வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கோளாறு இங்கே இல்லையே. எங்கள் கணினிக்காரர் போன வருஷமே திருத்திவிட்டாராம். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "அவங்க எழுதினதுல நான் போய்த் தப்பு சொல்றதா? மரியாதையா இருக்காதே. அதான் நாங்களே சரி பண்ணிக்கிட்டோம்" என்கிறார். திருத்தத்தை அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நாலே வரி. விட்டுவிடாதே அக்கா.

தம்பி

பிப்ரவரி 2

தம்பி,

படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் தேடினது உன் பக்கத்து மேசையில் சும்மா இருந்திருக்கிறது. இன்னும் எத்தனை பேர் இப்படி மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ. கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இனி நான் பராமரிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தட்டும்.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. கண் இன்னும் சரியாகவில்லையென்றால் இதையாவது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள்.

மனசு கேட்காமல் எங்கள் கணினிக்காரரே உன் மென்பொருளை எடுத்து நடத்துகிறார். அதைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவருக்கு எழுதுகிறார்கள். "அருமையான பணி, தொடருங்கள். இது எப்போ சரியாகும்?" எல்லாருக்கும் இதே கேள்விதான். திருத்தம் ஒன்றுகூட வரவில்லை. கண் எரிகிறது என்கிறார். நீ இத்தனை வருஷம் எப்படித் தாங்கினாய் என்று கேட்கச் சொன்னார்.

இன்று காலை மருந்தகத்தில் ரசீது அச்சாகவில்லை. நானும் அவரிடம் போய், எப்போது சரியாகும் என்று கேட்டுவிட்டு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

தம்பி