குங்குமம் கொடுத்துக் கூப்பிட்ட கூட்டம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
20 ஆகஸ்ட் 2003

அன்புள்ள ஜெயாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வாடாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு மழையில் முட்டுவலி கூடுதல், எனக்கு நோவு ஒன்றுமில்லை, அலுப்புதான். ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் சுரத்தில்லாமல் பேசுகிறாய் என்று கேட்டாயே, அப்போது வெங்கடகிருஷ்ணன் மாமா எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெருச் சங்கம் நடத்துகிற மாணவியர் இல்லத்துக்கு இந்த வருஷம் நான்தான் செக்ரட்டரி. மாடி முழுக்கக் கட்டில் காலி, நம் பெண்கள் பெங்களூரும் அமெரிக்காவும் போயாயிற்று. ஜூனில் உலகம்மாள் என்று ஒருத்தி வந்தாள், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். மகள் ஆதிராவுக்கு டவுனில் பிளஸ் ஒன் இடம் கிடைத்திருக்கிறது, விதுராவில் பஸ் மாறி தினம் வந்துபோக முடியாது, ஒரு கட்டில் தருவீர்களா என்று கேட்டாள். நம் சங்கத்து விதியில் ஏழை மாணவியர் என்றுதான் இருக்கிறது, ஜாதி எங்கேயும் இல்லை. ஒரு ஜாதிக்கு மட்டும் நடத்தினால் வரிவிலக்கே போய்விடும் என்று ஆடிட்டரும் வருஷாவருஷம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இருந்தாலும் வெளிப்பெண்ணைச் சேர்ப்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும் என்று கூட்டம் போட்டேன். இரண்டு வாரம் முன்னால் எழுத்தில் அழைப்பு அனுப்ப வேண்டும், என்ன பேசப்போகிறோம் என்றும் அதில் இருக்க வேண்டும், அதுதான் விதி. நம் தெருவில் யார் அப்படிச் செய்தார்கள், தபாலில் கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. நானும் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லி அழைத்தேன். எல்லோரும் வந்தார்கள், உப்புமா சாப்பிட்டார்கள். மாமா எழுந்து, இவாளையெல்லாம் சேத்தா நம்ம அடுக்களை என்னாகும் என்றார். அடுக்களையில அடுப்பே எரியலையே மாமா, பல்லிதானே குடியிருக்கு என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், பாதிக்கு மேல் கை தூக்கினார்கள், தீர்மானம் ஆயிற்று.

மறுவாரம் மாமாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். எழுத்தில் அழைப்பு இல்லை, கூட்டம் செல்லாது. நான் இட்ட குங்குமத்தோடு அவர் ஆத்து ஜானகி மாமி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்! நேரே போய்க் கேட்டேன். குங்குமம் ஆத்துக்கு, நோட்டீஸ் சங்கத்துக்கு, ரெண்டும் வேறன்னு செக்ரட்டரிக்குத் தெரியணும் கேட்டோ என்றார். நீங்க செக்ரட்டரியா இருந்த காலத்துக் கூட்டமெல்லாம் நீங்க எப்படிக் கூப்பிட்டேள் என்றால், அப்போ யாரும் வக்கீலுக்குப் போகலையே என்று சிரிக்கிறார். நம் வக்கீல் ரெஜியும், கோர்ட்டில் நிற்காது, முறையாக மறுபடி கூப்பிடுங்கள் என்றுவிட்டார். எல்லா வீட்டுக்கும் ரிஜிஸ்டர் தபால் போட்டேன். போஸ்ட்மேன் தாணுமாலையன், எதுத்த வீட்டுக்குமா மாமி, என்ன வழக்கு என்று கேட்டான். ஜானகி மாமி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நோன்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. போன ஞாயிறு கூட்டம் நடந்தது, தீர்மானம் மறுபடி நிறைவேறியது, மாமா ஒன்றும் நடக்காத மாதிரி வந்து காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

உலகம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன், நேற்று வந்தாள். உங்க கடுதாசியெல்லாம் சரியாவறதுக்குள்ள பிள்ள பள்ளிக்கூடத்த நிறுத்திட்டாம்மா, சாலைக் கம்போளத்துல துணிக்கடையில நிக்கா என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாமாவைத் திட்டுவது சுலபம். ஆனால் விதி தப்பில்லை ஜெயா, நம்மை மாதிரி நாலு வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி முடித்துவிடக் கூடாது என்றுதான் அதை எழுதியிருக்கிறார்கள். முதலிலேயே தபால் போட்டிருந்தால் அந்தப் பெண் இப்போது மாடியில் படித்துக்கொண்டிருப்பாள். ஓணத்துக்குள் வந்தால் பேரை வெட்ட மாட்டோம் என்று அவள் டீச்சர் சொல்லியிருக்கிறாள். நாளைக்குக் கடைக்குப் போய்க் கூப்பிடப் போகிறேன், வருவாளோ மாட்டாளோ.

நீ வேளைக்குச் சாப்பிடு, குழந்தைக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடு, மூவரும் நிறைவாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மறக்காதே. நீ காலேஜில் படிக்கும்போது அப்பா உன்னைச் சங்கக் கமிட்டியில் சேர்த்தார், இன்னும் வருஷாவருஷம் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போகிற பட்டியலில் நீ இருக்கிறாய். ஒரு கூட்டத்துக்கும் வராதவளுக்கு எதற்கு நாற்காலி. ராஜினாமா அனுப்பு, அந்த இடத்துக்கு உலகம்மாள் பேரை நான் முன்மொழிவேன், தெரு என்ன சொன்னாலும் சரி. கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு, போனில் சரிம்மா என்றால் செல்லாது.

ஆசிகளுடன்,
அம்மா