மூன்று முறை விடைபெற்றவள்

என் அன்பான சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மூன்று வேளையும் சாப்பிட்டு, நடுவில் சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும், சண்டைக்கு ஆள் இல்லை என்றால் கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கொள். பதினாறு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய், என் பேர் வந்தால் மட்டும் உன் போனுக்குக் காது அடைத்துக்கொள்கிறது. கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார், அதனால்தான் அஞ்சாவது வரை படித்தவள் பேனாவை எடுத்திருக்கிறேன். கோழிக் கிறுக்கல் என்று சிரித்தாலும் பரவாயில்லை, படி.

உன் பாட்டி எண்பத்தொன்பது வருஷம் இருந்தாள். அதில் முப்பத்தோரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். உன் தாத்தா போனபோது எனக்கு ஆறு வயசு, மாமாவுக்குப் பத்து. சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ரூம், அதில் நாங்கள் மூன்று பேர், கீழே நாள் முழுக்கக் காற்றடிக்கிற சத்தம். காலையில் ஐந்தரைக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள், விரலெல்லாம் சோப்பில் ஊறி வெள்ளை வெளேர் என்று இருக்கும். விரிப்பைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லுவாள், எப்படித் தெரியும் என்று நாங்கள் சாப்பிடும்போது விளக்கமாகவும் சொல்லுவாள், அதனால்தான் நானும் மாமாவும் ஒல்லியாகவே வளர்ந்தோம். கஷ்டம் என்று ஒரு நாள் கூடச் சொன்னதில்லை. இடுப்பு ஒடிகிறது, கூரை ஒழுகுகிறது, சூப்பர்வைசர் வடிகட்டின முட்டாள் என்று தினமும் சொல்லுவாள், கஷ்டம் என்று மட்டும் சொல்ல மாட்டாள். ரிட்டையர் ஆன பிறகும் யார் வீட்டுக்குப் போனாலும் கட்டில் விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்ப்பாள். அப்பா என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டபோது அவர் வீட்டுக்குப் போய் அவள் முதலில் பார்த்தது அவர் படுக்கையைத்தான். ஆள் சுமார், விரிப்பு சுத்தம், கட்டிக்கோ என்றாள்.

சாவதிலும் அவளுக்கு அனுபவம் அதிகம். முதல் தடவை நெஞ்சு வலி. எல்லாரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, தையல் மெஷின் உன் அத்தைக்கு என்றாள், பீரோ சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள், அப்பாவிடம் இனிமேலாவது கூன் போடாமல் உட்காருங்க மாப்பிள்ளை என்றாள். டாக்டர் வந்து பார்த்து வாயு என்றார். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து சாவியைக் கொடு என்றாள். அத்தை அதற்குள் மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு தலையணை உறையே தைத்து முடித்திருந்தாள், அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்த வேகத்தில் தரையில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது. இரண்டாவது தடவைக்கு நீ பறந்து வந்தாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கடைசி வார்த்தை பேசினாள், பேசி முடித்ததும் பசிக்கிறது என்றாள். மூன்றாவது தடவை நீ லீவு கேட்டபோது உன் மேனேஜர் உனக்கு மொத்தம் எத்தனை பாட்டி என்று கேட்டானாம். அப்படியும் வந்தாய், வந்த அன்றைக்கு அவளே எழுந்து வந்து உனக்குக் கதவைத் திறந்தாள்.

அதனால்தான் இந்தத் தடவை அவள் படுக்கையில் விழுந்ததும் நீ கிளம்பவா என்று கேட்டபோது நான் சிரித்தேன். நம்ம எல்லாரையும் அனுப்பி வச்சிட்டு கடைசி லைட்டையும் அணைச்சிட்டுத்தான் பாட்டி போவா, நீ வேலையைப் பாருடி என்றேன். நிஜமாவா அம்மா என்று மறுபடியும் கேட்டாய். நிஜமாத்தான் என்றேன். இது டாக்டர் சொன்னது இல்லை, மாமா சொன்னதும் இல்லை, நான் சொன்னது. ஒன்றைக் கவனித்தேன், அதையும் தப்பாகப் புரிந்துகொண்டேன். இந்தத் தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. சரி, போகிற எண்ணம் இல்லை என்று நான் பாட்டுக்கு மூன்று நாள் கம்பெனிக்குப் போய் பிஸ்கட் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள் காலையில் அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். சின்னவ வர்றாளா என்று கேட்டாள். முன்னே எந்தத் தடவையும் அவள் கேட்டதில்லை, நீயாக வந்தாய். வர வேண்டாம்னு சொல்லிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கிளம்பிட்டா, பிளேன்ல இருக்கா என்று வந்துவிட்டது. அப்படியா, தலை வாரிவிடு என்றாள். பவுடர் போடு என்றாள், போட்டேன், அதிகம் என்றாள், துடைத்தேன். மெலிஞ்சிட்டியேன்னு வந்ததும் வராததுமா அவளைத் திட்டாதே, உனக்கு அது ஒரு வியாதி என்றாள். ஒன்றரை மணிக்கு இப்ப எங்கே வர்றா என்றாள். கடலைத் தாண்டிட்டா என்றேன். மூன்று மணிக்கு மறுபடியும் கேட்டாள். இறங்கிட்டா, பெட்டிக்காக நிக்கிறா என்றேன். பெட்டி எப்பவும் லேட்டுதான், அவசரப்படாம வரச் சொல்லு என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. மூன்றே முக்காலுக்கு மாமா உள்ளே வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார்.

சலவைக்கூடத்துப் பழைய கூட்டாளிகள் மூன்று கிழவிகள் வந்தார்கள். வந்ததும் விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி, சரியாத்தான் மடிச்சிருக்கு என்றாள். அப்புறம்தான் மூன்று பேரும் அழுதார்கள்.

நான் சொன்ன பொய்யை மாமாவிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. பாட்டி என்னைத் தேடினாளா என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம். அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். தேடினாள். ஆனால் நீ வரவில்லை என்று நினைத்து அவள் போகவில்லை. அவளைப் பொறுத்தவரை நீ வந்து இறங்கியாச்சு, எனக்குத்தான் நீ இன்னும் வரவில்லை. கோபத்தை விடு என்று நான் கேட்கவில்லை, அது நியாயமான கோபம், அதையும் எடுத்துக்கொண்டு வா. சொல்லிவிட்டு வந்தாலும் சரி, சொல்லாமல் வந்தாலும் சரி.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஹீட்டரை அணைக்க மறக்காதே. நல்ல உடம்பும் நல்ல தூக்கமுமாக நீ நிறைய வருஷம் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே சேர்த்தி.

இப்படிக்கு,
உன்னை வர வேண்டாம் என்று சொன்ன
உன் அம்மா