மாடுகளுக்குச் சொல்லாத புது நேரம்

29 டிசம்பர் 1981, செவ்வாய்

பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தாள். பாதி என் சேலையில்.

வானொலியில் மறுபடியும் சொன்னார்கள். புத்தாண்டு பிறக்கும்போது எல்லாரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டுமாம். சபா, சரவாக்கோடு நமக்கும் ஒரே நேரம் ஆகிவிடும். ஆகட்டும். எனக்கு என்ன வந்தது?

2 ஜனவரி 1982, சனி

எனக்குத்தான் வந்தது.

புந்தோங்கில் எங்கள் சந்திலிருந்து சட்டைத் தொழிற்சாலைக்குப் போகிற, என்னையும் சேர்த்து ஏழு பெண்களின் பிள்ளைகளையும் காளியம்மா அக்காதான் பார்த்துக்கொள்கிறார். இருட்டோடு எழுந்து மாடு கறந்து, சைக்கிளில் பால் ஊற்றிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளை வாங்குவார். அவர் வந்து சேர்வதற்கும் தொழிற்சாலை வேன் முனைக்கு வருவதற்கும் இத்தனை நாள் சரியாக இருந்தது. இன்று வேன் புது நேரத்துக்கு வந்தது. அக்கா பழைய நேரத்துக்கு வந்தார்.

"மாட்டுக்கு ரேடியோ கேக்குமா நவமணி? மடி சொரக்கிறப்பதானே கறக்க முடியும்?"

"அப்ப பிள்ளைங்கள முன்னாடியே உங்க வீட்டுல விட்டுட்டுப் போறோம்க்கா," என்றாள் வீரம்மா. எதிர்வீட்டுக்காரி, தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள்.

"விட்டுட்டுப் போலா. எந்த மாட்டுக் காலுக்கு அடியில போடணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

வேன் போய்விட்டது. பாப்பாவைக் கைமாற்றிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அதுவும் போய்விடும். அவள் அழுகை மட்டும் சந்து முனை வரை கூடவே வந்தது.

வருகை அட்டையில் நேரம் சிவப்பில் விழுந்தது. கால் மணிக்கு மேல் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம் இல்லை.

5 ஜனவரி, செவ்வாய்

சிவப்பு.

6 ஜனவரி, புதன்

சிவப்பு. வீரம்மா தன் அட்டையைப் பார்த்து, "பொட்டு வெச்ச மாதிரி இருக்குல்ல?" என்கிறாள். சிரிக்கிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவன் விட்டுப்போய் ஒரு வருடம்.

9 ஜனவரி, சனி

லூமுட்டிலிருந்து இவர் வந்தார். கப்பல் பட்டறை எண்ணெய் வாசனை, பாப்பாவுக்கு ஒரு பை நெத்திலி. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நெத்திலி!

எல்லாம் சொன்னேன். "மாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா முந்திக் கறந்து பழக்கச் சொல்லு," என்றார். காளியம்மா அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அர்ச்சுனன் தம்பிய வந்து ஒக்காரச் சொல்லு. ரெண்டு நாள் உதை வாங்கினா அவரே பழகிடுவாரு," என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் இவர் மெதுவாக, "வேலைய விட்டுடேன் நவமணி. நான் சம்பாதிக்கிறேன்ல," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் விட மாட்டேன். சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா லயத்து வீடுகள் முழுக்க மிட்டாய் கொடுத்தார். அவர் பால்வெட்டுக் கத்தியோடு நின்ற அதே நேரத்தில் நான் மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருப்பதாக இல்லை.

13 ஜனவரி, புதன்

முதல் அரைமாதச் சம்பளப் பட்டியலை இன்று தட்டச்சு செய்தேன். அதுதான் என் வேலை. பிடித்தம் என்ற பத்தியில் ஏழு பெயருக்கும் தொகையை அடித்தேன். வீரம்மா பெயர் வந்தபோது கை நின்றது. என் பெயருக்கு நிற்கவில்லை, வேகமாக அடித்துத் தள்ளிவிட்டேன்.

கூடவே எச்சரிக்கைக் கடிதங்களும். எல்லாருக்கும் இது இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

நாளை துரைசிங்கம் சாரிடம் பேசுவேன். என்ன சொல்வது என்று நான்கு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். நன்றாகவே இருக்கிறது.

14 ஜனவரி, வியாழன். பொங்கல்

நன்றாக இல்லை.

துரைசிங்கம் சார் ஆளணி அதிகாரி, எங்கள் வருகையும் பிடித்தமும் அவர் கையில். கெட்டவர் அல்ல. யாழ்ப்பாணத்துத் தமிழ் அவர் வாயில் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது. சொல்வது மட்டும் குளிர்ச்சி இல்லை.

"பிள்ளை, நேரத்தை மாத்தினது அரசாங்கம். கம்பனி என்ன செய்ய ஏலும்? இண்டைக்கு மாடு எண்டு வாறியள். நாளைக்கு இன்னொருத்தி கோழி எண்டு வருவாள்."

நான் "சரி சார்" என்றேன்.

சரி சார்! எதுக்குச் சரி? என்ன சரி? மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டிய இடத்தில் போய்ச் சரி சார்.

பொங்கல் அடிபிடித்துவிட்டது. பாப்பா அதையும் சாப்பிட்டாள்.

15 ஜனவரி, வெள்ளி

மாட்டுப் பொங்கல். காளியம்மா அக்காவின் மாடுகளுக்கு நீலக் கொம்பு, சாமந்தி மாலை. பூசை முடியும் வரை பிள்ளைகளை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஏழு பேரும் மாலை போட்ட மாடுகளுக்கு நடுவில் பிள்ளையும் கையுமாக நின்றோம். சிவப்பு.

மாலையில் சம்பள உறை வந்தது. வீரம்மா பிரித்துப் பார்த்தாள். இன்று சிரிக்கவில்லை. "இதுல வாடகை குடுத்தா அரிசி இல்ல, அரிசி வாங்கினா வீடு இல்ல" என்றாள். பட்டியலை அடித்தது நான் என்று அவளுக்குத் தெரியும்.

18 ஜனவரி, திங்கள்

குழாயடியில் எல்லாரும். யார் என்ன செய்யலாம் என்று ஆளுக்கு ஒன்று. வீரம்மா வாளியைத் தூக்கிக்கொண்டே, "பேசாம பிள்ளைங்களையும் தூக்கிக்கிட்டு வேன்ல ஏறிடுவோம்லா. நேரத்துக்கு வந்தாச்சுன்னு காட்டிடலாம்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"போவோம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

சீனப் புத்தாண்டுக்கு முன் ஏற்ற வேண்டிய சட்டைகள் மலை போல் கிடக்கின்றன. இந்த வாரம் ஒருத்தியையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அது எனக்குத் தெரியும். சொன்னேன். மறுபடியும் என் குரல்தான்.

19 ஜனவரி, செவ்வாய்

எதையும் விடாமல் எழுதி வைக்கிறேன்.

வேன் ஓட்டும் இராமசாமி அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, பள்ளிக்கூட வண்டியா?" என்றார். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஏழு பெண்கள், ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொருவராக அட்டையைப் போட்டோம். எல்லாம் கறுப்பு. மாதத்தில் முதல் தடவையாக.

தையல் பகுதிக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோகவில்லை. நேராகத் துரைசிங்கம் சாரின் அறைக்கு. இரண்டு பேர் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். வீரம்மாவின் சின்னவன் போன உடனே குப்பைக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் தலையை விட்டான்.

"என்ன பிள்ளை இது!"

"நேரத்துக்கு வந்துட்டோம் சார். தையல் பக்கம் ஊசி இருக்கு. இங்க ஊசி இல்ல. அதான்."

"இது கந்தோர்!"

"ஆமா சார், ஆபீஸ்தான். மின்விசிறியும் இருக்கு."

வீரம்மா என் பின்னால் இருமுவது போல் சிரித்தாள். பிறகு அவர்கள் ஆறு பேரும் தைக்கப் போய்விட்டார்கள். நான் ஒன்பது பிள்ளைகளோடு நின்றேன். உண்மையிலேயே தைக்கப் போய்விட்டார்கள்!

சார் மேலாளரைப் பார்க்கப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். இடையில் ஒரு பிள்ளை அழுதபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பேனா மூடியால் மேசையைத் தட்டிக் காட்டினார்.

கடைசியில் வந்து உட்கார்ந்தார். "சரி. உங்கட ஏழு பேருக்கும் பழைய நேரம். அரை மணி பிந்தி வாங்கோ, அரை மணி பிந்திப் போங்கோ. வேன் ரெண்டாம் நடை வரும். நாளையில இருந்து பிள்ளையளக் கொண்டு வரப்படாது."

நான் எழுந்திருக்கவில்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது. பாப்பா மடியில் தூங்கிவிட்டிருந்தாள்; எழுந்தால் விழித்துக்கொள்வாள்.

"இன்னும் என்ன பிள்ளை?"

"ஜனவரியில புடிச்ச சம்பளம், சார்."

"அது முடிஞ்சது."

"டிசம்பர்ல எந்த வெளிச்சத்துல வந்தோமோ அதே வெளிச்சத்துலதான் ஜனவரியிலயும் வந்தோம் சார். நாளைக்கு அப்படி வந்தா தாமதம் இல்லன்னா, போன வாரம் வந்தது மட்டும் எப்படித் தாமதம்?"

பேனாவை மூடி வைத்தார். பிறகு, "யூனிவர்சிட்டியில இதுதான் படிச்சியோ?"

"இல்ல சார். அங்க நான் வாயே திறக்கல."

அவர் முகத்தில் சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை. "மேலாளரிட்டக் கேக்கிறன். உறுதி சொல்ல ஏலாது," என்றார்.

கேட்பார். எனக்குத் தோன்றுகிறது.

23 ஜனவரி, சனி

கேட்டாராம். பதில் இல்லையாம். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். சட்டைகள் ஏறிப் போய்விட்டன. இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லையே என்று வீரம்மா கேட்டாள்.

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன்.

2 பிப்ரவரி, செவ்வாய்

சார் என் மேசை வழியாகப் போகும்போது நின்றார். "இன்னும் கேக்கிறன்." அவ்வளவுதான். நானாகவே, "அந்த ரூம்ல குப்பைக் கூடை மாத்திட்டீங்களா சார்?" என்றேன். புரிந்துகொண்டு போனார்.

போன சனிக்கிழமை இவர் வந்தபோது, பிடித்த சம்பளத்தைச் சாரிடம் கேட்டதைச் சொன்னால் நம்பவே இல்லை. "நீயா? நீயா கேட்ட?" வேலையை விடும் பேச்சு வரவில்லை.

13 பிப்ரவரி, சனி

இன்று பட்டியல். பிடித்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போடச் சொன்னார்கள்: திருப்பித் தருவது. முதலில் வீரம்மாவின் பெயருக்கு அடித்தேன். இரண்டு கடிதங்களும் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டன, எடுத்தது நான்தான்.

மாட்டுப் பொங்கல் அன்று பிடித்த அரை நாள் மட்டும் திரும்பக் கிடையாதாம். "அது பூசைக்காக நிண்டது. அதைக் கேளாதை பிள்ளை," என்றார் சார். அது நியாயம். கேட்கவில்லை.

15 பிப்ரவரி, திங்கள்

காலையில் பாப்பாவை விட்டேன். காளியம்மா அக்கா கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். முனைக்கு வேன் வர இன்னும் நேரம் இருந்தது. வேலியோரம் நின்று பார்த்தேன்.

அவள் நேராகக் கன்றுக்குட்டியிடம் போனாள். அதன் காதைப் பிடித்து இழுத்து, அதற்குள் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் போகவில்லை என்று அவளுக்குத் தெரியாது.