குரைக்காமல் இருக்க ஒரு பிஸ்கட்

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவைப் பார்த்துக்கொள்ள நாயை நிறுத்திவிட்டு நீ ஓடிப்போனாய். போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால்தான் பதிவுத் தபால். இதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். இப்போது நீண்டநாள் நோயாளிகள் வார்டில் கிடக்கிறார். பேச்சு போய்விட்டது. மூன்று வாரமாகச் சாப்பாட்டுக்கும் வாய் திறப்பதில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு கட்டிலுக்கு ஓர் ஆயா. அவள் ஒருவருக்கு ஊட்டி முடிப்பதற்குள் மற்றவர்களுக்கு ஆறிப்போகிறது.

ஒரு நாள் நாய்க்குச் சீப்புப் போட்டுவிட்டு, ரோமம் ஒட்டிய சட்டையோடு வார்டுக்கு ஓடினேன். அப்பா நல்ல கையால் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தார். விடவே இல்லை. அன்று நான்கு ஸ்பூன் கஞ்சி குடித்தார். ஆயா என்னைப் பார்த்து, "உங்கப்பாவுக்குப் பசி இல்லாம இல்லம்மா, ஆள் இல்லாமத்தான்" என்றாள்.

நம் நாயை நேரே உள்ளே விட மாட்டார்கள். பயிற்சி எடுத்து, தேர்வில் பாஸாகி, கழுத்தில் அட்டை மாட்டிய நாய்தான் வார்டுக்குள் வரலாம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தடவக் கொடுக்க வேண்டும். நோயாளிகளுக்குத் தெம்பு வருமாம். ஆள் போட மனசில்லாத இடத்தில் நாய் போடுகிறார்கள். நீ செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள். இருந்தாலும் போய்ச் சேர்த்தேன். வேறு என்ன செய்வேன்?

விண்ணப்பத்தில் நாய்க்குத் தனி அறை உண்டா என்று ஒரு கேள்வி. எனக்கே இல்லை என்று எழுதலாமா என யோசித்து, கோடு போட்டுவிட்டேன். வகுப்புக்கு ஒரு பல் டாக்டர் அம்மாவும் வருகிறார். அவர் நாய் தும்மினால் மூக்கைத் துடைக்க டிரைவர் துண்டோடு நிற்கிறார். "உங்க நாய் எந்த இனம்?" என்று கேட்டார். வாடகை வீட்டு இனம் என்றேன். சொல்லிக்கொடுக்கிற விசில் அக்கா மட்டும் சிரித்தாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவள் விசில் அக்காதான்.

முதல் தேர்வு போன சனிக்கிழமை. நாயின் முறைப்பைப் பார்த்து வாத்தியார் என்று நீ பேர் வைத்தாயே, அந்த வாத்தியார் ஃபெயில். சக்கர நாற்காலி உரசிக்கொண்டு போனது, அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டார்கள், காதைப் பிடித்து இழுத்தார்கள், பொறுத்துக்கொண்டான். கடைசியில் நாற்காலியில் இருந்த ஒருவர் நோயாளி மாதிரி இருமிக்கொண்டே பக்கவாட்டில் சரிந்தார். போதும், வாத்தியார் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு கதவுக்கு ஓடி, பிறாண்டி, ஊரைக் கூட்டுகிற மாதிரி குரைத்தான்.

நீ சொல்லிக்கொடுத்தது அப்படியே இருக்கிறது. வேலைக்கென்று ஊரை விட்டுப் போவதற்கு முந்தைய மாதம் முழுக்க முன்னறையில் தொப் தொப்பென்று விழுந்தாயே. குரைத்தால் பிஸ்கட், கதவுக்கு ஓடினால் இரண்டு. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் குரைப்பைக் கேட்டுத்தான் கீழ்வீட்டுத் தையல்காரர் இரண்டு தடவை மாடியேறி வந்து அப்பாவைத் தூக்கினார். தேர்வாளர் அதைக் "கட்டுப்பாடு போதாது" என்று எழுதிவிட்டார்.

இன்னும் ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் அடுத்த வருஷம். அதனால் தினமும் வேலை முடிந்து வந்து நான் விழுகிறேன். இருமிக்கொண்டே விழுகிறேன். குரைக்காமல் படுத்திருந்தால் பிஸ்கட். இடுப்பெல்லாம் கன்றிப்போயிருக்கிறது. சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அம்மா, "எழுந்திருடி, பார்க்கவே பிடிக்கல" என்கிறாள். இப்போதெல்லாம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். கேட்டால் சும்மா தலைசுற்றல் என்கிறாள்.

ஒரு வரியாவது எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை


அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. கடிதம் வரவில்லை.

ஒன்பதாவது நாள் வாத்தியார் கற்றுக்கொண்டான். நான் விழுந்ததும் கால்மேல் தாடையை வைத்துப் படுத்து, என் பையையே பார்த்தான். சந்தோஷப்படத் தெரியாமல் தரையிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நான் வேலையில் இருந்தபோது, அம்மா பாத்திரம் கழுவுகிற இடத்தில் தலைசுற்றி விழுந்தாள். மூன்று மணிக்கு விழுந்தவளை நான் பார்த்தது நாலே முக்காலுக்கு. ஈரத்தில் கிடந்தாள். பக்கத்திலேயே வாத்தியார் படுத்து, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு, பிஸ்கட்டுக்குக் காத்திருந்தான். "குரைடா, குரைச்சுத் தொலைடா" என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள். தொண்டையிலிருந்து பெரிதாகச் சத்தம் வரவில்லை. கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, தையல்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முழங்கை எலும்பில் விரிசல். கட்டுப் போட்டிருக்கிறது. கட்டுப் போட்ட நர்ஸிடம் அம்மா, "எங்க வாத்தியார் ரொம்ப ஒழுக்கம், வாயே திறக்கல" என்று சிரிக்கிறாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அப்புறம் வெளியே போய் அழுதேன்.

தேர்வுக்குப் போகப்போவதில்லை என்றேன். அம்மா கேட்கவில்லை. "என் கை ஒட்டிக்கும். அவர் வயிறு ஒட்டிப்போச்சுன்னா என்ன செய்வ?" என்றாள். விசில் அக்காவிடம் கேட்டேன். வார்டில் சும்மா இரு, வீட்டில் குரை என்று பிரித்துக் கற்றுக்கொடுக்க முடியுமாம். ஆனால் ஆறு மாதமாவது ஆகும், அதுவரை அவன் எங்கே எதைச் செய்வான் என்று சொல்ல முடியாது, வீட்டில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்றாள். அப்பாவுக்கு ஆறு மாதம் இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டிப்போனேன்.

தேர்வில் அதே நாற்காலி ஆள் இருமிச் சரிந்தார். வாத்தியார் தாடையைக் காலில் வைத்துப் படுத்துக்கொண்டான். எல்லோரும் கைதட்டினார்கள், பல் டாக்டர் அம்மா உட்பட. இவ்வளவு அமைதியான நாயைப் பார்த்ததே இல்லை என்றார் தேர்வாளர். எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து பாருங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

இப்போது புதன்கிழமை தோறும் இருபது நிமிஷம். முதல் நாள் அப்பா அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு கிண்ணம் முழுவதையும் காலி செய்தார். குழாய்ப் பேச்சை டாக்டர் விட்டுவிட்டார். நடுவில் அப்பாவுக்குப் புரையேறியது. பெரிதாக ஒன்றுமில்லை, நான் முதுகைத் தட்டினேன். வாத்தியார் படுத்தபடியே இருந்தான். அப்பா இருமி முடித்த பிறகும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

காலை ஒன்பதிலிருந்து நாலே முக்கால் வரை அம்மா தனியாக இருக்கிறாள். தையல் கடையில் போய் உட்காரச் சொன்னால், "நான் என்ன தைக்கக் கொடுத்த துணியா?" என்கிறாள். வேலையில் என் கை பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டுகிறது, காது வீட்டில் இருக்கிறது. நேற்று ஐந்து பெட்டிகளுக்கு முகவரி மாற்றி ஒட்டிவிட்டேன். மேலாளர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்.

விடுப்பு கேட்டால் உன் வேலை போகும், தெரியும். பன்னிரண்டு பேர் ஓர் அறையில் படுக்கிறீர்கள், அதுவும் தெரியும். போனை எடுத்தால் நீ அழுதுவிடுவாயாம், அதனால்தான் எடுப்பதில்லையாம். அம்மா சொல்கிறாள். அழு. அழுதுகொண்டே வா.

நீ நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். அடிபட்டதை எழுதக் கூடாது என்றும் சொன்னாள்.

நான் கேட்பது ஆறு மாதம். வீட்டில் ஒரு மனுஷன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்றைக்கு வருகிறாய்? தேதியை எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை